இடைச்செருகல்

என் மடிக்கணினியில் ஒரு வரைபடத்தை நான்கு மாதங்களாக மூடாமல் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தின் கல்ஹம் ஆய்வு மையத்தில் இருந்த மாஸ்ட் என்ற டோகாமாக்கில் நடந்த ஒரு ஷாட்டின் கடைசிச் சில மில்லி நொடிகள் அதில் உள்ளன. டோகாமாக் என்பது அணுக்கரு இணைவு ஆய்வுக்காக, மின்னேற்றமடைந்த மிகச் சூடான வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் கருவி. அதில் ஒரு முறை பிளாஸ்மாவை உருவாக்கி அது அணையும்வரை நடக்கும் ஓட்டமே ஒரு ஷாட். நீலக் கோடு பிளாஸ்மாவின் நடுப்பகுதியில் எலக்ட்ரான்களின் வெப்பநிலை. சிவப்புக் கோடு பிளாஸ்மா மின்னோட்டம். சிவப்புக் கோடு செங்குத்தாகச் சரியும் இடத்துக்குச் சற்று முன்பாகவே நீலக் கோடு இறங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தை நம்பி மூன்று வாரங்கள் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இறக்கத்தைப் போட்டது என் நிரல்தான் என்று தெரிந்தது. பிழையைத் திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த எண்கள் என் கைக்கு எப்படி வந்தன, எந்த இடத்தில் அவற்றின் பிறப்பை நான் மறந்தேன் என்ற கேள்வி மட்டும் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் என் வேலை குளிர்பதன லாரிகளிலிருந்து வரும் வெப்பநிலைத் தரவைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, அறிக்கையாக்குவது. பதினோரு ஆண்டுகளாக அல்சூரில் குடியிருக்கிறேன். அணுக்கரு இணைவில் எனக்குப் பட்டமோ பயிற்சியோ கிடையாது. கல்லூரிக் காலத்தில் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் ஆதித்யா டோகாமாக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து விடாமல் தொடரும் ஆர்வம் மட்டுமே உண்டு. மாஸ்ட் 2013-இல் நிறுத்தப்பட்டு, பெரிதாக மாற்றிக் கட்டப்பட்டு, 2020 அக்டோபரில் புதிய பெயரோடு முதல் பிளாஸ்மாவைக் கண்டது. பழைய கருவியின் தரவை இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அறிந்த அன்று இரவு நான் உறங்கவில்லை. கடவுச்சொல் இல்லை, விண்ணப்பம் இல்லை, எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்வியும் இல்லை. உலகில் மிகச் சிலரே தொட்டிருந்த எண்களை ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையிலிருந்து கேட்டு வாங்க முடிந்தது என்பது இன்றுவரை எனக்கு நெகிழ்ச்சி தரும் விஷயம்.

ஒரே வரியில் ஒரு ஷாட்

தரவு மேகச் சேமிப்பகத்தில் ஸார் என்ற வடிவத்தில் இருக்கிறது. பெரிய அணி ஒன்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனிக் கோப்பாக வைக்கும் முறை அது. பைத்தானில் எக்ஸ்அரே என்ற நிரலகத்தை அழைத்து, சேமிப்பக முகவரியையும் ஷாட் எண்ணையும் கொடுத்தால் ஒரே வரியில் ஷாட் திறந்துகொள்கிறது. திறந்தவுடன் எண்கள் எதுவும் இறங்குவதில்லை. எந்தெந்த அளவைகள் உள்ளன, ஒவ்வொன்றின் நீளம் என்ன, அலகு என்ன, எந்த நேர அச்சைச் சேர்ந்தது என்ற விவரப் பட்டியல் மட்டுமே முதலில் வருகிறது. வரைபடம் போடச் சொல்லும்போதுதான் தேவையான துண்டுகள் மட்டும் வந்து சேர்கின்றன. வீட்டு இணைப்பில்கூட இது தடையின்றி ஓடியது.

முதல் வாரம் அந்தப் பட்டியலையே படித்துக்கொண்டிருந்தேன். நேர அச்சு பூஜ்யத்துக்கு முன்பே தொடங்குவதைக் கண்டு முதலில் பிழை என்று நினைத்தேன். பிளாஸ்மா பிறப்பதற்கு முன்னால் சுருள்களில் மின்னோட்டம் ஏற்றப்படும் காலம் அது என்று பிறகு புரிந்தது. ஒவ்வோர் அளவைக்கும் தனித்தனி நேர அச்சு இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. காந்தப்புல அதிர்வைப் பிடிக்கும் மிர்னோவ் சுருள்கள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை அளக்கின்றன. பிளாஸ்மா மின்னோட்டம் அதைவிடக் குறைவான வேகத்தில் பதிவாகிறது. வெப்பநிலையோ சில மில்லி நொடிகளுக்கு ஒரு முறைதான் வருகிறது. ஒரு ஷாட்டே அரை நொடி அளவில் முடிந்துவிடும் கருவியில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

என் நோக்கம் எளிமையானது. பிளாஸ்மா திடீரெனக் கட்டுக்குலைந்து, அதன் மின்னோட்டம் சில மில்லி நொடிகளில் அழிவதை டிஸ்ரப்ஷன் என்கிறார்கள். நான் குலைவு என்று சொல்லிக்கொள்கிறேன். மாஸ்ட் போன்ற கருவி ஒரு மெகா ஆம்பியர் அளவிலான மின்னோட்டத்தின் குலைவைத் தாங்கிக்கொள்ளும். பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் என்ற மாபெரும் டோகாமாக் 15 மெகா ஆம்பியருக்கு வடிவமைக்கப்பட்டது. அங்கே குலைவு என்பது கருவியின் உட்சுவரை உருக்கவும் சட்டகத்தை உலுக்கவும் வல்லது. ஆகவே குலைவு வருவதை முன்கூட்டியே உணர்வது இத்துறையின் பெரிய பணிகளுள் ஒன்று. திறந்த தரவை வைத்து அப்படி ஒரு சிறிய முன்னறிவிப்பானை, அதாவது பழைய ஷாட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒரு நிரலை, நானும் பழக்கிப் பார்க்க விரும்பினேன். அதற்கு எல்லா அளவைகளும் ஒரே நேரக் கட்டத்தில் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு மில்லி நொடிக்கு ஒரு வரி என்று முடிவு செய்து, நிரலகத்தின் இடைமதிப்புக் கட்டளையை ஒவ்வோர் அளவையின் மீதும் ஓட்டினேன். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை இரண்டு அளவீடுகளுக்கு இடையே நேர்கோடு போட்டு மதிப்பைக் கணிக்கும். அலுவலகத்தில் லாரித் தரவுக்கு ஆயிரம் முறை செய்த வேலை என்பதால் கை தானாகவே அதை எழுதியது.

சில நானோ நொடிப் பார்வை

வெப்பநிலை எப்படி அளக்கப்படுகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிளாஸ்மாவுக்குள் எந்த வெப்பமானியையும் நுழைக்க முடியாது. ஒரு லேசர் துடிப்பைப் பாய்ச்சி, எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் ஒளியின் நிறம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். எலக்ட்ரான்கள் வேகமாக ஓடினால் நிறமாலை அகலமாகும். அந்த அகலமே வெப்பநிலை. தாம்சன் சிதறல் என்பது இதன் பெயர். மாஸ்டின் பிற்காலத்தில் இதற்கென எட்டு லேசர்கள் இருந்தன, ஒவ்வொன்றும் நொடிக்கு 30 துடிப்புகள். அவற்றைச் சம இடைவெளியில் சுட்டால் நொடிக்கு 240 அளவீடுகள், அதாவது நான்கு மில்லி நொடிக்குச் சற்று மேல் ஒரு முறை. ஒவ்வொரு துடிப்பும் நீடிப்பது சில நானோ நொடிகளே. அந்தச் சில நானோ நொடியில் மட்டும் நாம் பிளாஸ்மாவைப் பார்க்கிறோம். மீதி நான்கு மில்லி நொடியும் இருட்டு.

இந்த அளவீட்டுக்குப் பின்னால் நான் மிகவும் மதிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1968-இல் நோவோசிபிர்ஸ்கில் நடந்த மாநாட்டில், டி-3 என்ற தங்கள் டோகாமாக்கில் ஒரு கோடி டிகிரி அளவிலான வெப்பநிலையை எட்டிவிட்டதாக சோவியத் அறிஞர்கள் அறிவித்தார்கள். மேற்கில் பலர் நம்பவில்லை. அந்த வெப்பநிலை பிளாஸ்மாவின் காந்த விளைவிலிருந்து மறைமுகமாகக் கணக்கிடப்பட்டது. மிக வேகமான ஒரு சிறு எலக்ட்ரான் கூட்டம் இருந்தாலே அந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பது அவர்களின் ஐயம். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். ஆனாலும் சோவியத் ஆய்வுக்குத் தலைமை வகித்த லெவ் அர்த்சிமோவிச் கல்ஹம் குழுவினரை மாஸ்கோவுக்கே அழைத்தார். அவர்கள் தங்கள் லேசரையும் கருவிகளையும் கொண்டுபோய் 1969-இல் தாம்சன் சிதறல் முறையில் அளந்தார்கள். சோவியத் கூற்று உண்மை என்று உறுதியானது. அதன் பின்னரே உலகமெங்கும் டோகாமாக்குகள் கட்டப்பட்டன. முந்தைய ஆண்டு சந்தேகிக்கப்பட்ட அதே அளவு வெப்பநிலைதான் மறு ஆண்டு உலகத்தையே திருப்பியது. அது எந்த வழியாகக் கிடைத்தது என்பது மட்டுமே மாறியிருந்தது. இந்த வரலாற்றை நன்றாக அறிந்திருந்த நானே, அதே கல்ஹமில், அதே முறையில் அளக்கப்பட்ட எண்களை வாங்கி அவற்றின் வழியை அழித்துவிட்டேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கோட்டை எடுத்துவிட்டு

முன்னறிவிப்பான் மிக நன்றாக வேலை செய்தது. சோதனைக்கென்று தனியாக ஒதுக்கிய ஷாட்டுகளில் ஏறக்குறைய எல்லாக் குலைவுகளுக்கும் சில மில்லி நொடிகள் முன்பாகவே எச்சரிக்கை வந்தது. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். ஆனால் பிளாஸ்மா இயற்பியலே என் பக்கம் இருப்பதாகத் தோன்றியது: குலைவில் முதலில் வெப்பம் வெளியேறுகிறது, பிறகுதான் மின்னோட்டம் சரிகிறது என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. ஆகவே வெப்பநிலை முன்னதாக இறங்குவதை என் நிரல் கண்டுகொண்டது என்றே நினைத்தேன். வெறும் தவறான முடிவாக இருந்திருந்தால் அன்றே விழித்திருப்பேன். உண்மையின் சாயல் இருந்ததால் மூன்று வாரம் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் என்னோடு பணிபுரியும் சேலத்துத் தம்பி ஒருவர் காலை உணவுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். பொங்கல் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தவர், "அக்கா, கோட்டை எடுத்துட்டுப் புள்ளிய மட்டும் போட்டுக் காட்டுங்களேன். எத்தனை புள்ளி இருக்குன்னே தெரியல" என்றார். நிரலைப் பிழைதிருத்தும் எவரும் வழக்கமாகக் கேட்பதுதான். கோட்டை நீக்கினேன். திரையில் புள்ளிகள் ஒரு ரூலர் வைத்து அடுக்கியதுபோல் இறங்கின. எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். எளிய உதாரணமாக மாற்றிச் சொல்கிறேன்: 301.2-ஆவது மில்லி நொடியில் ஒரு லேசர் துடிப்பு, வெப்பநிலை 700 எலக்ட்ரான் வோல்ட், ஏறக்குறைய 80 லட்சம் டிகிரி. அடுத்த துடிப்பு 305.4-இல், அதற்குள் பிளாஸ்மா குலைந்துவிட்டது, வெப்பநிலை 100. என் அட்டவணையில் 302 முதல் 305 வரை நான்கு வரிகள்: 586, 443, 300, 157. ஒவ்வொன்றுக்கும் இடையே 143. எந்தப் பிளாஸ்மாவும் அப்படிச் சமமாகப் படியிறங்காது.

அந்த நான்கு எண்களை எந்தக் கருவியும் அளக்கவில்லை. அதைவிட மோசமானது, 302-இல் உள்ள 586 என்ற எண் 305.4-இல் நடக்கப்போவதை ஏற்கெனவே அறிந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் உண்மையாகவே 302-ஆவது மில்லி நொடியில் நின்றுகொண்டிருப்பவருக்கு அந்த எண் கிடைக்க வழியே இல்லை. அவரிடம் இருப்பது 700 மட்டும்தான், பிளாஸ்மா நலமாக இருக்கிறது என்றே அது சொல்லும். என் முன்னறிவிப்பான் கற்றது குலைவின் அறிகுறியை அல்ல, நேர்கோட்டின் சாய்வை. சோதனைக்கு ஒதுக்கிய ஷாட்டுகளும் இதே வழியாகவே வந்தவை என்பதால் சோதனையும் பிழையைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொங்கல் ஆறிப்போயிற்று. தம்பி ஒன்றும் சொல்லாமல், கட்டளையில் ஒரு சொல்லை மாற்றி, கடைசியாக அளந்த மதிப்பையே அடுத்த அளவீடு வரும்வரை நீட்டிக்கும்படி செய்தார். எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை குலைவோடு சேர்ந்தோ அதற்குப் பிறகோ வரத் தொடங்கின.

இரண்டு அளவீடுகளுக்கு நடுவே மதிப்பைக் கணிப்பதற்கு நம் மேல்நிலைக் கணக்குப் பாடநூலில் உள்ள பெயர் இடைச்செருகல். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதே சொல்லை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்கள்: மூல ஆசிரியர் பாடாத பாட்டைப் பிற்காலத்தவர் நடுவே நுழைத்திருந்தால் அது இடைச்செருகல். கணக்கில் அது நல்ல சொல், பதிப்பில் அது குற்றச்சாட்டு. அன்று எனக்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே ஒலித்தன. கம்பராமாயணப் பதிப்புகளில் ஐயத்துக்குரிய பாடல்களைத் தூக்கி எறியாமல், மிகைப் பாடல்கள் என்று தனியே பிரித்து அச்சிட்டிருப்பார்கள். வேண்டியவர் படிக்கலாம்; ஆனால் எது எது என்று படிப்பவருக்குத் தெரியும். என் அட்டவணையில் அந்தப் பிரிவினை இல்லை. 700-க்கும் 586-க்கும் ஒரே எழுத்துரு, ஒரே நெடுவரிசை, ஒரே மதிப்பு.

பழைய நிரலகத்தின் கெடுபிடி

இதை நிரலகத்தின் குற்றமாக நான் நினைக்கவில்லை. நடந்து முடிந்த ஷாட்டை ஆராய்பவருக்கு நேர்கோடு முறையான கருவிதான். லாரி ஓட்டம் முடிந்தபின் அறிக்கை எழுதும் எனக்கும் அதில் தீங்கில்லை. நடக்கப்போவதைச் சொல்ல முயலும்போதுதான் அது திருட்டாகிறது. ஆனாலும் எண்ணை எளிதாகக் கொடுப்பது மட்டுமே அணுகல் என்று நினைக்கும் போக்கு எங்கள் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. எத்தனை வரிகளில் தரவை எடுக்கலாம் என்று போட்டி போடுகிறோம். எடுத்த எண்ணிடம் அதன் பிறப்பு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை.

இதன் பிறகு எம்டிஎஸ்பிளஸ் என்ற பழைய முறையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எம்ஐடி, லாஸ் அலமோஸ், இத்தாலியின் பதுவா ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய இது இன்றும் பல டோகாமாக்குகளில் பயன்படுகிறது. மடிக்கணினியில் நிறுவி, சிறு மரம் ஒன்றை நானே உருவாக்கிப் பார்த்தேன். தரவுக் கட்டமைப்பை அவர்கள் மரம் என்றே சொல்கிறார்கள். அதில் ஒரு சிக்னலைக் கேட்டால் எண்கள் மட்டும் வரும். நேரம் வேண்டுமென்றால் அந்த சிக்னலின் பரிமாணத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். முதலில் எனக்கு இது எரிச்சலாகவே இருந்தது. பிறகுதான் உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கருவி பதிவு செய்த மூல எண்ணிக்கை ஒரு பக்கம், அதை வோல்ட்டாகவோ ஆம்பியராகவோ மாற்றும் சூத்திரம் ஒரு பக்கம், எந்தக் கடிகாரத்தின் எந்தத் துடிப்பில் அளந்தது என்ற அச்சு ஒரு பக்கம். மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. கேட்கும்போதுதான் சூத்திரம் ஓடுகிறது. எண்ணைக் கேட்பவர் நேரத்தையும் தன் வாயால் கேட்டாக வேண்டும் என்ற அந்தக் கெடுபிடி இப்போது எனக்கு மரியாதையாகப் படுகிறது. ஈட்டருக்காக உருவான ஐமாஸ் என்ற தரவு அகராதியிலும் ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அதன் பிழை வரம்பை எழுத மேலும் கீழுமாக இடம் விட்டிருக்கிறார்கள்.

அன்று மாலை கோவில்பட்டிக்குப் பேசினேன். அப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி விடுமுறையில் சில தெருக்களுக்கு அவரோடு நானும் போயிருக்கிறேன். மீட்டர் பெட்டிக்குள் செருகியிருக்கும் அட்டையை எடுத்து, தேதி, ரீடிங், யூனிட், கையெழுத்து என்று வரிசையாக எழுதுவார். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். நடுவில் எந்த நாளில் எவ்வளவு ஓடியது என்பது மீட்டருக்குக்கூடத் தெரியாது. கடைசி வாரத்தில் அந்த வீட்டில் கல்யாணம் நடந்திருக்கலாம். யூனிட்டை அறுபது நாளுக்குச் சமமாகப் பிரித்தால் முதல் நாளிலேயே கல்யாண விளக்கு எரிந்ததாகத்தான் கணக்கு வரும். வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போன தடவை கட்டுன பணத்தையே போடுவோம். அடுத்த தடவை மீட்டரைப் பாத்ததும் சரிபண்ணிக்கிடுவோம். பூட்டுன வீடுன்னு நோட்டுல எழுதியிருக்கும்லா. ஏன் கேக்க?" என்றார். பிளாஸ்மாவைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: லேசர் அடித்த நேரத்தை எந்த நெடுவரிசையில் எழுதியிருக்கிறாய் என்று.

எழுதவில்லை. மறுநாளே எழுதினேன். இப்போது என் நிரல் ஒவ்வொரு மில்லி நொடி வரியிலும் கடைசியாக அளந்த வெப்பநிலையை வைக்கிறது, அதற்குப் பக்கத்தில் அந்த எண்ணின் வயதையும் வைக்கிறது: 0.8, 1.8, 2.8, 3.8. வயது கூடக்கூட அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை முன்னறிவிப்பானே கற்றுக்கொள்கிறது. மூன்று வார மகிழ்ச்சியின் போது கிடைத்த வெற்றி திரும்ப வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் திறந்தே வைத்திருக்கும் அந்த ஷாட்டை மறுபடி ஓட்டியபோது ஓர் எச்சரிக்கை வந்தது. வெப்பநிலை அப்போதும் பழைய 700-இலேயே நின்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை வந்தது மிர்னோவ் சுருளிலிருந்து. குலைவுக்கு முன்னால் அதில் ஓர் அதிர்வு வளர்ந்துகொண்டே போகிறது, ஒவ்வொரு புள்ளியும் அளந்த புள்ளி. மற்ற ஷாட்டுகளிலும் அது அப்படி வளர்கிறதா என்று இரவு நேரங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து, கோட்டை எடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.